திருத்திய பதிப்பு

நமது உபாத்தியாயத் தொழிலில் அவ்வப்போது காணக் கிடைக்கும் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு புஸ்தகம் பாடமாக வருகிறது. பையன்கள் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அதிலே ஒரு நதி கடலிலிருந்து புறப்பட்டு மலைமேல் ஏறுகிறது. பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் விடைகளில் நான்கு, எந்தக் கணக்குக்கும் பொருந்துவதில்லை. மறு வருஷம் அதே புஸ்தகம் சற்று மெலிந்து, சற்று மெருகேறி, அட்டையிலே "திருத்திய பதிப்பு" என்று கொட்டை எழுத்துக்களைத் தாங்கிக்கொண்டு வருகிறது. நதி ஒழுங்காகக் கடலுக்குப் போகிறது. எல்லோருக்கும் சந்தோஷம், முதல் பதிப்பை வாங்கி, படித்து, பரீட்சையும் எழுதி முடித்துவிட்ட பையனுக்கு மட்டும் இல்லை. அவனை யாரும் நினைப்பதே கிடையாது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறோம். திருத்திய பதிப்பை ஊன்றிப் பார்த்தால், முதல் பதிப்பிலிருந்த நல்ல தேசப்படம் ஒன்றோ, உபயோகமான அனுபந்தம் ஒன்றோ சத்தமின்றி மறைந்து போயிருக்கும். திருத்தங்களைப் பற்றி முகவுரையில் ஒரு பக்கம் இருக்கும். மறைந்ததைப் பற்றி அதில் பிரஸ்தாபமே இராது.

இந்த நினைவு இப்போது வரக் காரணம் நமது பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன். சென்ற வாரம் மணி அடித்த பிறகும் போகாமல் நின்றான். "ஸார், ஒரு சந்தேகம். கேம் கன்ஸோல் வெளிவந்த உடனே வாங்குகிறவன் புத்திசாலியா, மெலிந்த மாடல் வரும்வரை காத்திருக்கிறவன் புத்திசாலியா? அப்பா ஒரு தடவைதான் வாங்கித் தருவேன் என்கிறார்" என்றான்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு சேர்த்து விளையாடுகிற இந்த யந்திரத்தைப் பற்றி உபாத்தியாயரிடம் கேட்கத் துணிந்தானே என்று முதலில் ஆச்சரியப்பட்டோம். பிறகு, கேள்வி விளையாட்டைப் பற்றியதே அல்ல, வியாபாரத்தைப் பற்றியது என்று தெரிந்தது. "ஒரு தடவைதான்" என்று சொல்லுகிற தகப்பனாரின் பணம் அதிலே அடங்கியிருக்கிறது. "நாளைக்கு வா, அப்பா, சொல்லுகிறோம்" என்று அனுப்பிவிட்டு யோசித்தோம். இதே கேள்வியை 2010-ஆம் வருஷத்தில் அமெரிக்க தேசத்தில் எத்தனையோ வீடுகளில் கேட்டார்கள். அந்தக் கதை முழுவதும் இப்போது வெளிச்சத்துக்கு வந்துவிட்டபடியால், அதிலிருந்தே ஆரம்பிப்பது நலம்.

மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற யந்திரத்தை வெளியிட்டார்கள். சாதாரணப் பெட்டிக்கு 299 டாலர். தகடும் கம்பியில்லாக் கைப்பிடியும் சேர்ந்த உயர்ந்த பெட்டிக்கு 399 டாலர். அதன் முகப்பிலே, பொத்தானைச் சுற்றி ஒரு விளக்கு வளையம். யந்திரம் சௌக்கியமாக இருந்தால் பச்சை. வளையத்தின் நான்கு பாகங்களில் மூன்று சிவப்பாகி மினுக்கினால் யந்திரம் போய்விட்டது என்று அர்த்தம். ஜனங்கள் இதற்கு "மரணச் சிவப்பு வளையம்" என்று பெயர் வைத்தார்கள். பழுது பார்ப்பதற்காக யந்திரத்தை அனுப்பக் கம்பெனியிலிருந்து வரும் காலி அட்டைப் பெட்டிக்குச் "சவப்பெட்டி" என்று பெயர். ஹாஸ்யம்தான், ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டாவது, மூன்றாவது சவப்பெட்டி வந்தபோது ஹாஸ்யம் குறைந்துவிட்டது.

முதலில் அமெரிக்காவில் இந்த யந்திரத்துக்குக் கொடுத்த உத்தரவாதம் 90 நாள். தொண்ணூற்றோராம் நாள் சிவப்பு வளையம் தோன்றினால், பழுது பார்க்கக் கூலி சுமார் 140 டாலர், வாங்கினவர் தலையில். 2006 டிஸம்பரில் உத்தரவாதத்தை ஒரு வருஷமாக நீட்டினார்கள். 2007 ஜூலையில்தான் கம்பெனியார் வாய் திறந்து, சிவப்பு வளைய வியாதிக்கு மட்டும் மூன்று வருஷ உத்தரவாதம் தருவதாகவும், அதற்கு முன் கூலி கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார்கள். இதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் கணக்கில் ஒதுக்கினார்கள். அந்தத் தொகையைப் பார்த்து நாம் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். நமது புஸ்தகப் பதிப்பாளர் பழைய பையனுக்கு ஒரு தம்பிடி திருப்பிக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வியாதி இன்னதென்று கம்பெனியார் விவரமாகச் சொல்லவில்லை. 2021-ல், தங்கள் சரித்திரத்தைத் தாங்களே எடுத்த படத்தில்தான், அவர்களுடைய எஞ்ஜினியர் ஒருவர் விஷயத்தை உடைத்தார். யந்திரத்தை முடுக்கினால் உள்ளே சூடேறுகிறது, நிறுத்தினால் ஆறுகிறது, இப்படி மாறி மாறி விரிந்து சுருங்கியதில் சில்லின் நுண்ணிய இணைப்புக்கள் முறிந்துபோயின. முடுக்குவதும் நிறுத்துவதுமே வியாதியானால், உடைமையாளர் செய்யக்கூடிய பத்தியம் என்ன?

இந்த நிலைமையில், 2010 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து விளையாட்டுக் கண்காட்சியில் கம்பெனியார் ஒரு புதிய எக்ஸ்பாக்ஸ் 360-ஐ மேடையில் வைத்தார்கள். கறுப்பு நிறம், பளபளப்பு, இடுப்புச் சிறுத்த உருவம். 250 கிகாபைட் தகடுடன் விலை 299 டாலர். முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு பெரிய சில்லுகளை ஒன்றாக்கியிருந்தார்கள். பழைய பெட்டி 203 வாட் மின்கருவியோடு வந்தது. புதியதற்கு 135 வாட்டே போதுமானதாயிற்று. சூடு குறைந்தது, விசிறி ஓசை தணிந்தது. அந்தப் பிரசித்தி பெற்ற சிவப்பு வளையமும் புதிய பெட்டியில் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பியில்லாமல் இண்டர்நெட்டோடு சேரும் வைஃபை வசதி உள்ளேயே இருந்தது.

இந்தக் கடைசி விஷயம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் விளையாட்டுக்காரர்களிடையே இதைப் போல் மனக்கசப்பை உண்டாக்கினது வேறில்லை. ஏனென்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு நமக்குத் தொழில். பழைய உயர்ந்த பெட்டி 399 டாலர். அதிலே கம்பியைச் செருகும் துவாரம் உண்டு. கம்பியில்லாத் தொடர்பு கிடையாது. அது வேண்டுமானால் தனிக் கருவி, 99 டாலர். பிறரோடு வலையில் சேர்ந்து விளையாட வருஷச் சந்தா 50 டாலர். ஆக 548 டாலர். 2006-ல் வந்த ஸோனி கம்பெனியாரின் ப்ளேஸ்டேஷன் 3 உயர்ந்த பெட்டியின் விலை 599 டாலர் என்று கேட்டு "அம்மாடி!" என்று பின்வாங்கினவர்கள் அநேகர். அதிலே வைஃபை உள்ளேயே இருந்தது. வலையில் விளையாடச் சந்தாவும் அப்போது கிடையாது. வித்தியாசம் 51 டாலர்தான். இரண்டாவது வருஷச் சந்தா கட்டியவுடன் அதுவும் ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது. அதே 2006-ல் நிண்டெண்டோ கம்பெனியார் 250 டாலருக்கு விற்ற 'வீ' யந்திரத்திலும் வைஃபை உள்ளேயே இருந்தது. எனவே 99 டாலர் கொடுத்துக் கருவி வாங்கிய மனிதன், 2010-ல் அந்தக் கருவி புதிய பெட்டிக்குள் இனாமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எப்படி விழித்திருப்பான் என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, புதியதை வாங்கலாமா என்று எடை போட்டவர்களைப் பார்ப்போம். பழைய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு வகை. "ஓடுகிற வண்டியை ஏன் விற்க வேண்டும்?" என்றார்கள். அதே சமயம், என்றைக்கு நிற்குமோ என்று ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் அவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு சவப்பெட்டி கண்டவர்கள் யோசிக்கவே இல்லை. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு ஓடினார்கள். இடையில் நின்று தவித்தவர்கள் தகட்டைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். பழைய பெட்டியின் தகடு புதியதிலே பொருந்தாது. வருஷக்கணக்காகச் சேர்த்த ஆட்டங்களையும் மதிப்பெண்களையும் தனிக் கம்பி வைத்து மாற்றவேண்டும். பழைய நினைவட்டைகளைச் செருகும் துவாரங்களையும் எடுத்துவிட்டார்கள். திருத்திய பதிப்பில் மறைந்த பக்கங்கள் இவை.

அனுபவசாலிகள் ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். அவர்கள் வைஃபை வசதியையே அலட்சியமாகப் பேசினார்கள். அவர்கள் சொன்னதில் விஷயம் உண்டு. வலையில் ஒருவரோடொருவர் சுட்டு விளையாடும்போது இங்கும் அங்கும் போகிற செய்தி மிகச் சிறியது. வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணால் அதற்குப் பிரயோஜனம் சொற்பம். தாமதமில்லாமல், இடையில் தொலையாமல் போய்ச் சேருவதுதான் வேண்டும். கம்பியில்லா அலைகளோ சுவர்களைத் துளைத்துக்கொண்டு வரவேண்டும். அக்காலத்து வைஃபை பெரும்பாலும் உபயோகித்த அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில்தான் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்கிறது. அந்த யந்திரத்தின் கம்பியில்லாக் கைப்பிடிகளும் அந்த வரிசையே. தாயார் பாலைச் சுடவைக்கும் வினாடியில் பிள்ளை போர்க்களத்தில் மாண்டான் என்றால் அது வெறும் கற்பனை அல்ல. ஆகையால் அனுபவசாலிகள் மாடிப்படி வழியாக முப்பது அடிக் கம்பியை இழுத்து, "இதற்கு ஈடு இல்லை" என்றார்கள்.

ஆனால் மாடிப்படியில் கம்பி கிடந்தால் இடறி விழுகிறவர் பாட்டியார் அல்லவா? வாடகை வீட்டுச் சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? விளையாட்டுக்காரரின் தராசிலே குடும்பத்தின் சௌகரியத்துக்கும் ஒரு தட்டு வேண்டும். அந்தத் தட்டில் வைஃபையே கனமானது. கம்பி இழுக்க இடமில்லாத வீட்டுக்கு 2010 பெட்டி நல்ல பெட்டி என்பதே நமது அபிப்பிராயம்.

கம்பியில்லாத் தொடர்பு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட விசித்திரமான திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. நிண்டெண்டோ கம்பெனியாரின் கையடக்க யந்திரமான 'டி.எஸ்.' 2004-ல் வந்தது. அது தெரிந்துகொண்ட வைஃபைப் பூட்டு 'வெப்' என்ற பழைய பூட்டு ஒன்றுதான். அந்தப் பூட்டு உறுதியற்றது என்று 2001-லேயே நிபுணர்கள் நிரூபித்துவிட்டார்கள். 2003 முதல் நல்ல பூட்டும் கிடைத்தது. எனவே குழந்தை 'டி.எஸ்.'ஸை வீட்டு வைஃபையோடு சேர்க்க ஆசைப்பட்டால், தகப்பனார் வீடு முழுவதற்கும் போட்டிருந்த நல்ல பூட்டை எடுத்துவிட்டுப் பழைய பூட்டை மாட்டவேண்டும். ஒரு பொம்மை நுழைவதற்காகத் தெருக்கதவைத் தாழில்லாமல் வைப்பது போல! 2006-ல் 'டி.எஸ். லைட்' என்று வெகு அழகான, இலேசான, பிரகாசமான திருத்திய பதிப்பு வந்தது. எல்லாம் திருந்தியது, பூட்டைத் தவிர. வெளித்தோற்றத்தில் கண்ணுக்குப் படுகிற குறையைத்தான் திருத்துகிறவர்கள் முதலில் திருத்துகிறார்கள்.

கைப்பிடியின் சரித்திரமும் இப்படித்தான். விளையாட்டுக்காரர் யந்திரத்தைத் தொடுவது எப்போதோ. கைப்பிடியை விடுவதே இல்லை. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் கைப்பிடி சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. 'ட்யூக்' என்ற பிரபுப் பட்டம் அதற்குக் கிடைத்தது. ஜப்பானியர் கைக்குப் பொருந்தாதென்று 2002-ல் அங்கே சிறிய கைப்பிடி ஒன்று செய்தார்கள்; பார்த்தால் அமெரிக்கருக்கும் அதுவே பிடித்துப்போயிற்று. (வேடிக்கை என்னவென்றால், 2018-ல் அந்தப் பழைய ட்யூக்கையே வேறொரு கம்பெனியார் மறுபடி செய்து விற்றார்கள். விட்டுப்போன பக்கத்துக்கும் ரசிகர் உண்டு.) எக்ஸ்பாக்ஸ் 360 கைப்பிடியைப் பலரும் புகழ்ந்தார்கள், இடது பக்கத்துத் திசைப் பொத்தானை மட்டும் எல்லோரும் வைதார்கள். மேலே அமுக்கினால் பக்கவாட்டில் போகும். குஸ்தி ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு அது பெருந் துயரம். 2010 ஜூனில் யந்திரத்தையே புதிதாக வார்த்தார்கள் அல்லவா, அப்போது பொத்தானையும் திருத்தியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. பெட்டியோடு வந்தது அதே பொத்தான், கறுப்பு வர்ணத்தில். திருத்தின பொத்தானுள்ள கைப்பிடி நவம்பரில் வந்தது. தனி விலை, மின்கலச் சாமான்களோடு சேர்த்து 65 டாலர்.

ஸோனிக்காரரின் கைப்பிடி வேறு கதை. ப்ளேஸ்டேஷன் 3 முதலில் வந்தபோது, முந்தின யந்திரத்தில் எல்லோரும் அநுபவித்த அதிர்வு கைப்பிடியில் இல்லை. கைப்பிடி சாய்வதை அறியும் புதிய வித்தைக்கு அதிர்வு இடைஞ்சல் என்று காரணம் சொன்னார்கள். அதிர்வு வித்தைக்கு உரிமை கொண்டாடிய இம்மர்ஷன் என்ற கம்பெனி ஸோனியின்மேல் அப்போது வழக்காடிக்கொண்டிருந்தது. 2007 மார்ச்சில் வழக்கு சமரசமாயிற்று. அந்த வருஷக் கடைசியிலேயே ஜப்பானில் சாய்வும் அதிர்வும் ஒரே கைப்பிடியில் சுமுகமாகக் குடியேறின. இடைஞ்சல் எங்கே போயிற்று என்று நேயர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

நிற்க. மறைகிற பக்கங்களைப் பற்றிச் சொன்னோமே, அதற்கு ப்ளேஸ்டேஷன் 3-தான் சரியான பாடம். அமெரிக்காவில் 2006-ல் விற்ற முதல் பெட்டி பழைய ப்ளேஸ்டேஷன் 2 தட்டுக்களையும் ஓட்டும். யூ.எஸ்.பி. துவாரம் நான்கு. அதிலே லினக்ஸ் போட்டு முழுக் கம்ப்யூட்டராகவும் உபயோகிக்கலாம். அமெரிக்க ஆகாயப்படை ஆராய்ச்சிசாலையார் 1,700-க்கு மேற்பட்ட ப்ளேஸ்டேஷன் 3-களைச் சேர்த்துக் கட்டி 2010-ல் ஒரு மகா கணிப்பொறியே அமைத்தார்கள். 2009 செப்டம்பரில் மெலிந்த பெட்டி 299 டாலருக்கு வந்தது. எடையும் மின் செலவும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் துவாரம் இரண்டு, பழைய தட்டு ஓடாது, லினக்ஸும் போடமுடியாது.

அதனால் என்ன, பழைய பெட்டி வைத்திருப்பவனிடம் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்று தோன்றும். அப்படித்தான் அவர்களும் நினைத்தார்கள். 2010 ஏப்ரல் முதல் தேதி, யந்திரத்துக்கு வலை வழியாக ஒரு திருத்தம் வந்தது. ஏற்றுக்கொண்டால் பழைய பெட்டியிலும் லினக்ஸ் வசதி போய்விடும். ஏற்காவிட்டால் ஸோனியின் வலையில் நுழையமுடியாது. பாதுகாப்பே காரணம் என்றார்கள். பூட்டை உடைக்க முயன்றவர்கள் இருந்ததும் வாஸ்தவம். ஆயினும், விளம்பரம் பார்த்து, விலை கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த சாமானிலிருந்து ஒரு பாகத்தை, விற்றவர் தொலைவிலிருந்தபடியே எடுத்துக்கொண்டார்! பதிப்பாளர் இரவிலே பையன் வீட்டுக்குள் புகுந்து அலமாரியைத் திறந்து முதல் பதிப்பிலிருந்து தேசப்படத்தைக் கிழித்துக்கொண்டு போவாரானால் என்ன சொல்வோம்? உடைமையாளர்கள் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். எட்டு வருஷம் நடந்து, 2018-ல் 37.5 லக்ஷம் டாலருக்குச் சமரசமாயிற்று. எடுத்த வசதி திரும்பவில்லை.

கம்பியில்லாத் தொடர்பு பெட்டிக்குள் வந்தபோது எல்லோரும் அதை வாசல் என்றே நினைத்தார்கள். நாம் வெளியே போகிற வாசல் வழியாகப் பிறர் உள்ளே வரவும் கூடும் என்பது அந்த ஏப்ரலில்தான் பலருக்கு உறைத்தது. வைஃபை, கைப்பிடி, எடை, ஓசை என்று எதை எதையோ நிறுத்துப் பார்த்தவர்கள், வாங்கின பிறகு சாமான் யாருடையது என்பதைத் தராசில் வைக்க மறந்துவிட்டார்கள்.

சிவப்பு வளையத்தின் கதைக்கு ஒரு பின்குறிப்பு. வியாதியின் காரணத்தை ஒப்புக்கொண்ட அதே 2021-ல், மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அந்த மரணச் சிவப்பு வளையத்தையே சுவரில் மாட்டும் படமாக அச்சடித்தார்கள். இனாமாக அல்ல, விலைக்குத்தான்.

மறுநாள் அந்த மாணவன் வந்தான். நாம் விடை சொல்லவில்லை. ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம். "ப்ளேஸ்டேஷன் 5-ன் முதல் பெட்டி 2020-ல் வந்தது, மெலிந்த பெட்டி 2023-ல் வந்தது. ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டு, புதிதாகச் சேர்ந்ததை இடது பக்கமும், எடுத்துவிட்டதை வலது பக்கமும் எழுதிக்கொண்டு வா. விளம்பரத்தைப் பார்த்து எழுதாதே" என்றோம்.

இரண்டு நாளில் கொண்டுவந்தான். இடது பக்கத்தில், தகடு 825 கிகாபைட்டிலிருந்து ஒரு டெராபைட் ஆனதும், உருவம் சிறுத்ததும், தட்டு ஓட்டும் பாகத்தைக் கழற்றி மாட்டலாம் என்பதும் இருந்தன. அப்படிப் புதிதாக மாட்டும்போது ஒரு தடவை இண்டர்நெட்டில் சேர்த்தாகவேண்டும் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டின்மேலேயே எழுதியிருந்தான். அதற்காகவே முழு மதிப்பெண் போட்டோம்.

வலது பக்கத்தின் அடியில், சிவப்பு மையினால் ஒரு வரி. "ஸார், முதல் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற பீடம் பெட்டியோடேயே வந்தது. மெலிந்த பெட்டிக்கு அது தனி, அமெரிக்காவில் 30 டாலர்" என்று விளக்கினான்.

"அப்பாவிடம் காட்டினாயா?" என்று கேட்டோம்.

"காட்டினேன், ஸார். வாங்கினால் படுக்கப் போட்டே விளையாடு என்று சொல்லிவிட்டார்."